வரி பிரித்தேன்

மேடம், அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீங்களா? நான் உட்காரணும். லேப்டாப்பா உள்ளே? கம்ப்யூட்டர் வேலையா உங்களுக்கு? நல்லதாகப் போயிற்று. பயப்படாதீங்க, வேலை வாங்கிக் கொடுங்கன்னு கேட்க மாட்டேன். சங்கரன்கோவில் வரைக்கும் நான் யாரிடமாவது பேசிக்கொண்டே போகணும், இல்லாவிட்டால் வாந்தி வந்துவிடும். பஸ்ஸால் இல்லை, கோபத்தால்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இதை எங்கள் அப்பாவிடம் சொன்னேன். முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். மாப்பிள்ளையோட அம்மாவிடம் போனில் சொன்னேன். யாராவது நம்பணுமே! ஒரு எழுத்துகூட மாற்றாத நான், கூடப்பிறந்த அக்கா கல்யாணத்தைக் கலைத்துவிட்டேனாம்.

என் பெயர் சந்தனமாரி. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போய்விட்டது. மறுபடி எழுது என்றார்கள், எழுதினேன், மறுபடியும் போய்விட்டது. அதுக்கு மேலும் எழுதினால் அந்தப் பாடத்தைப் படித்துப் பாஸானவர்களுக்கு மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் டைப்ரைட்டிங் பாஸ். தமிழ் லோயர், முதல் வகுப்பு. தங்கபுஷ்பம் டீச்சர் இன்ஸ்டிடியூட்டில் படித்தேன். நிஜமான மிஷின், இரும்பு. வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். உடனே இடது கையால் கம்பியைத் தள்ளணும். தாள் ஒரு வரி மேலே ஏறும், வண்டி முதல் ஓரத்துக்குத் திரும்பி வரும். தாள் ஏறணும், வண்டி திரும்பணும். ரெண்டும் நடந்தால்தான் வரி முடிந்தது என்று அர்த்தம். அரைகுறையாகத் தள்ளினால் டீச்சர் ஸ்கேலால் மணிக்கட்டிலேயே போடுவாங்க. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வரும்.

அந்த சர்ட்டிபிகேட்டை வைத்துத்தான் வேலை கிடைத்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கடலைமிட்டாய்க் கடை மாடியில், 'ஸ்ரீ பிரகஸ்பதி கம்ப்யூட்டர் ஜாதகம்'. வேலாயுதம் அண்ணாச்சி நடத்துகிறார். ஜோசியர்களுக்கான சாப்ட்வேர். பெண் நட்சத்திரம், மாப்பிள்ளை நட்சத்திரம் ரெண்டையும் கொடுத்தால் பத்துப் பொருத்தத்தையும் பார்த்துத் தாளில் அடித்துக் கொடுக்கும். சுத்துவட்டாரத்து ஜோசியர்கள் நிறையப் பேரிடம் அதுதான் ஓடுகிறது. இப்போதெல்லாம் யார் மேடம் விரல் விட்டு எண்ணுகிறார்கள்?

அங்கே புரோகிராம் எழுதுகிறவர்கள் ரெண்டே பேர். ஜெபஸ்டின் அண்ணன், அவருடையது விண்டோஸ். கோமதி அக்கா, அவங்களுடையது ஆப்பிள். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஃபேன். அவருக்கு சைனஸ், ரெண்டில் வைக்கச் சொல்வார். அவங்களுக்கு வேர்க்கும், அஞ்சில் வைப்பாங்க. ஒருநாள் ரெகுலேட்டர் திருகு கையோடு வந்துவிட்டது, யார் கையோடு என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

நான் மூணாவது ஆள். நட்சத்திரப் பட்டியல், ராசிப் பட்டியல், 'பொருத்தம் உண்டு', 'பொருத்தம் இல்லை' என்று கீழே வருகிற பலன் வாக்கியங்கள், எல்லாவற்றையும் பிழையில்லாமல் அடித்து வைப்பதுதான் என் வேலை. ஒரு நட்சத்திரம் ஒரு வரி. என் கம்ப்யூட்டர் எனக்கு அக்கா முறை. பழைய விண்டோஸ், பழைய நோட்பேட். தட்டினால் யோசித்துவிட்டுத்தான் எழுத்து வரும்.

கிட் தெரியும்தானே உங்களுக்கு? தெரியுமா? தெரிந்தாலும் சொல்கிறேன், நடுவில் பேசாதீங்க. மூணு பேர் எழுதுவதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிற ஏற்பாடு. காலையில் அதிலிருந்து இறக்கிக்கொள்ளணும், சாயங்காலம் நாம் மாற்றியதை ஏற்றணும். ஏற்றும்போது என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதணும். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று அது பெயரோடு நினைவில் வைத்திருக்கும். அந்தக் குறிப்பில்தான் ஜெபஸ்டின் அண்ணனும் கோமதி அக்காவும் சண்டை போடுவார்கள். வாயால் பேச மாட்டார்கள், இல்லையா? 'வேதைப் பொருத்தம் திருத்தியது. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர் யார்?' இப்படி ஒரு குறிப்பு. அதுக்குப் பதில், 'ரஜ்ஜு திருத்தியது. காற்று வேண்டியவர்.' ஆபீஸ் சரித்திரமே அதில் இருக்கிறது.

அந்தக் கிட்டை என் கம்ப்யூட்டரில் நானேதான் போட்டேன். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. ஒரு இடத்தில், வரி முடிவுகளை என்ன செய்யட்டும் என்று கேட்டது. மூணு பதில். முதல் ரெண்டும் அப்படி மாற்று, இப்படி மாற்று என்று நீளமாக இருந்தது. மூணாவது, எதையும் மாற்றாதே, உள்ளது உள்ளபடி. நான் எப்போதுமே உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள். மூணாவதை அமுக்கினேன். ஏன் மேடம் நெற்றியைப் பிடிக்கிறீங்க? தலைவலியா? ஜன்னலை மூடட்டுமா?

சரி, கேளுங்க. முதல் நாள் நட்சத்திரப் பட்டியலைத் திறக்கிறேன். கோமதி அக்கா செய்து வைத்தது. வரியே இல்லை! அஸ்வினியில் ஆரம்பித்து ரேவதி வரைக்கும் ஒரே வரி, சரக்கு ரயில் மாதிரி வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. பலன் வாக்கியங்களைத் திறந்தால் அதுவும் ரயில். ராசி, அதுவும். எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவங்களுக்கு வரி முடிந்தால் எண்டர் தட்டணும் என்று தெரியவில்லையே!

நான் அதைப் பெரிதாக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு வரி முடிவிலும் எண்டர் தட்டினேன். டக், டக், டக். ஒரு எழுத்தையும் தொடவில்லை. சாயங்காலம் ஏற்றும்போது குறிப்பு கேட்டது. 'வரி பிரித்தேன்' என்று எழுதினேன்.

மறுநாள் காலையில் இறக்கினால் மறுபடி ரயில். கோமதி அக்கா குறிப்பு: 'குப்பை எடுத்தேன்.'

குப்பையா? நான் பிரித்து வைத்தது குப்பையா? சரி, தெரியாமல் செய்துவிட்டாங்க என்று மறுபடி தட்டினேன். 'வரி பிரித்தேன்.' மறுநாள், 'குப்பை எடுத்தேன்.' அப்புறம் இதுவே பிழைப்பாகிவிட்டது. நான் பிரிப்பேன், அவங்க சேர்ப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கல்லை மாற்றி மாற்றி நடுவார்களே, அந்த மாதிரி. கடைசியில் நான், 'வரி பிரித்தேன், இனிமேல் யாரும் தொட வேண்டாம்' என்று எழுதினேன். அதுக்கு அவங்க, 'குப்பை எடுத்தேன், இனிமேல் யாரும் போட வேண்டாம்.'

நேரில் கேட்கலாமே என்பீங்க. கேட்டேனே! "எக்கா, நான் பிரிச்சு வெச்சதை ஏன்க்கா கெடுக்கிய?" என்று கேட்டேன்.

"ஏட்டி சந்தனா, நீ வரிக்கு வரி சிஆர் போடுத. அது போடாத. ஜெபஸ்டின்ட்ட கேளு, அவருக்குத் தெரியும். அவர்தான் உனக்குச் சொல்லித்தந்திருப்பாரு."

நான் கோப்பு முழுக்கத் தேடிப் பார்த்தேன் மேடம். சியும் இல்லை, ஆரும் இல்லை. இங்கிலீஷ் எழுத்தே இல்லை. ஜெபஸ்டின் அண்ணனிடம் போனேன். அவர் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். பொருத்தமெல்லாம் ஒழுங்காக வந்தது. "எம் மிஷின்ல நல்லாத்தான வருது? ஆப்பிள் வெச்சிருக்கவங்களுக்குத் தலையில கொம்பு. நீ பாட்டுக்குத் தட்டு புள்ள" என்றார். தட்டினேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்க பார்ப்போம்? பேசாதீங்க, இன்னும் முடியவில்லை.

இப்போது வீட்டுக் கதை. எங்கள் அக்கா முத்துச்செல்வி, ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்குச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வரன். பெயர் இசக்கிராஜா. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கோவில்பட்டி ஜோசியர் ஒருத்தர் பார்த்து, பத்துக்கு ஏழு, தாராளமாகச் செய்யலாம் என்று சொன்ன பிறகுதான் பெண் பார்க்க வந்தார்கள்.

வந்தவர் பஜ்ஜி சாப்பிட்டார் மேடம். ரெண்டு கையாலும். வலது கையில் இருப்பதை முடிக்கும் முன்னாடியே இடது கையில் இன்னொன்று ரெடி. சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "பாப்பா கெமிஸ்ட்ரில எவ்வளவு?" என்றார். நான், "அக்காவைப் பார்க்க வந்தீங்களா, என் மார்க் ஷீட்டைப் பார்க்க வந்தீங்களா?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இவரைக் கட்டுறதுக்கு செல்வி சும்மாவே இருக்கலாம், எண்ணெய்ச் செலவாவது மிச்சம்" என்றும் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டது. அப்பா என்னை அடுக்களைக்குள் தள்ளிவிட்டார். உள்ளதைச் சொன்னால் இந்த உலகத்துக்குப் பிடிக்காது.

அவர்கள் போன பிறகு செல்வி என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "ஏட்டி, அவரு சாப்புடுறதப் பாத்தா எனக்கே பசிக்கிட்டி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அதுக்குப் பேர் காதலாம். அப்புறம் பார்த்தால் அவர் நம்பரைப் போனில் 'மோட்டார்' என்று சேர்த்து வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் மோட்டாரே கிடையாது. குழாய்த் தண்ணீர்தான்.

பூ வைக்க நாள் பார்க்கிற நேரத்தில் மாப்பிள்ளையோட அம்மா ஒரு வார்த்தை சொன்னார்கள். எங்க குடும்ப ஜோசியர் சிவஞானம் ஐயாவும் ஒரு தடவை பார்த்துவிடட்டும், சும்மா ஒரு திருப்திக்கு என்று. சங்கரன்கோவில் சிவஞானம் ஜோசியரும் எங்கள் சாப்ட்வேர்தான் வைத்திருக்கிறார். அவர் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப். அதில் விண்டோஸ் எப்போதோ படுத்துவிட்டது, கூடவே போட்டுத் தருகிற லினக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. அதுக்கு முந்தின வாரம்தான் அண்ணாச்சி புது சாப்ட்வேரை எல்லா ஜோசியர்களுக்கும் பென் டிரைவில் கொடுத்து அனுப்பியிருந்தார். அன்றைக்கென்று பார்த்து, கிட்டில் கடைசியாக இருந்தது என்னுடையது. கோமதி அக்கா லீவு. நான் பிரித்த வரி, பிரித்தபடியே ஊர் ஊராகப் போயிற்று. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

சிவஞானம் ஜோசியர் தட்டினார். தினம் இல்லை. கணம் இல்லை. மகேந்திரம் இல்லை. யோனி இல்லை. ரஜ்ஜு இல்லை. பத்தும் இல்லை. பத்துக்கு முட்டை! "என் சர்வீஸ்ல இப்படியொரு ஜாதகத்தப் பாத்ததில்ல தாயி, இந்த ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலகூடப் போகக்கூடாது" என்றாராம்.

உண்மை என்னவென்றால் அந்த வாரம் முழுக்க அவரிடம் போன எல்லாருக்கும் முட்டைதான். ஒரு பெரியவர் சஷ்டியப்த பூர்த்திக்கு நாள் குறிக்கப் போயிருக்கிறார். ஜோசியர் சும்மா விளையாட்டுக்கு அவருக்கும் அவர் பெண்டாட்டிக்கும் போட்டுப் பார்த்தாராம். முட்டை. பெரியவர் அந்தத் தாளைக் கையோடு வாங்கிக்கொண்டு, "நான் முதல்நாளே சொன்னேன், எங்க அப்பன் கேக்கலையே!" என்றாராம். அந்த அம்மா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார்களாம். அதையும் என் தலையில்தான் கட்டுகிறார்கள்.

மாப்பிள்ளையோட அம்மா தாளின் அடியில் பார்த்திருக்கிறார்கள். 'ஸ்ரீ பிரகஸ்பதி, கோவில்பட்டி.' உடனே எங்கள் அப்பாவுக்குப் போன். "உங்க சின்னவ வேலை பாக்குற இடம்தான இது? அன்னைக்குப் பஜ்ஜிக்கே அந்தப் பேச்சுப் பேசுனாளே!"

அப்பா நேரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். வேஷ்டியை மடித்துக் கட்டிய கட்டோடு மாடிப்படி ஏறி வந்தார். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது, ஃபேன் ரெண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருய்யா என் பொண்ணுக்குப் பொருத்தம் இல்லன்னு எழுதுனது?"

"அது கம்ப்யூட்டரு சொல்றதுண்ணே."

"கம்ப்யூட்டருக்கு எவன் சொன்னான்?"

அண்ணாச்சி ஜெபஸ்டின் அண்ணனைப் பார்த்தார். கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும், எந்த வரி யாருடையது என்று வரிக்கு வரி பெயர் காட்டும். அதுக்கு இங்கிலீஷில் பெயரே பழி போடுவதுதான். என்ன நல்ல எண்ணம் பாருங்க! ஜெபஸ்டின் அண்ணன் பலன் வாக்கியக் கோப்பைத் திறந்து அந்தக் கட்டளையைத் தட்டினார். இடது பக்கம் பெயர், வலது பக்கம் வரி.

சந்தனமாரி: தினப் பொருத்தம் இல்லை.

சந்தனமாரி: கணப் பொருத்தம் இல்லை.

சந்தனமாரி: இந்த வரன் கூடாது.

சந்தனமாரி, சந்தனமாரி, சந்தனமாரி. உருட்ட உருட்ட என் பெயர்தான். கோமதி அக்கா எழுதியது, ஜெபஸ்டின் அண்ணன் எழுதியது, நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் அண்ணாச்சியே எழுதியது, எல்லாம் சந்தனமாரி. ஏன் என்றால் ஒவ்வொரு வரியின் வாலையும் கடைசியாகத் தொட்டவள் நான்தானே!

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "பிடிக்கலன்னா வாயால சொல்லக்கூடாதாட்டி? நீதான் எல்லாத்தையும் வாயால சொல்றவளாச்சே" என்றார். அது எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது மேடம். அடித்திருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அப்போது கோமதி அக்கா எழுந்து வந்தாங்க. நேராக ஜெபஸ்டின் அண்ணனைப் பார்த்து, வாயைத் திறந்து பேசினாங்க. "இதத்தான் நான் இத்தன நாளா குப்பைன்னு எழுதிக்கிட்டு இருந்தேன். நீங்க படிச்சீங்களா இல்லையா?"

"நீங்க என்னைத் திட்டுறீங்கன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"உங்களையும்தான்."

ரெகுலேட்டர் திருகு வந்த நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்புறம் அக்கா எனக்குச் சொன்னாங்க. டைப்ரைட்டிங் மிஷினை வைத்தே சொன்னாங்க. வரி முடிந்தால் தாளை ஏற்றணும், வண்டியைத் திருப்பணும், ரெண்டு வேலை இல்லையா? விண்டோஸ் இன்னும் அந்த ரெண்டுக்கும் ரெண்டு குறி போடுகிறதாம். ஆப்பிளும் லினக்ஸும் தாளை ஏற்றுகிற ஒரே குறியோடு நிறுத்திக்கொள்கின்றனவாம். கண்ணுக்குத் தெரியாத குறி. என் பழைய நோட்பேடுக்கு ரெண்டும் இருந்தால்தான் வரி. அதனால்தான் அவங்க கோப்பு எனக்கு ரயிலாகத் தெரிந்தது. நான் எண்டர் தட்டினால் ரெண்டாவது குறியும் சேர்ந்து விழும், அதுதான் அவங்க சொன்ன சிஆராம். விண்டோஸில் ஓட்டினால் அதுவே அதை விழுங்கிவிடும். லினக்ஸில் அது நட்சத்திரத்தின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும். ஜோசியர் ரோகிணி என்று தட்டுவார். பட்டியலில் இருப்பது ரோகிணியும் ஒரு வாலும். ரெண்டும் வேறு வேறு என்று நினைத்து, அப்படியொரு நட்சத்திரமே இல்லை, அதனால் பொருத்தமும் இல்லை என்று சொல்லிவிடும். அவங்க திரையில் காட்டினாங்க, ஒவ்வொரு வரி வாலிலும் கூரை போட்ட ஒரு இங்கிலீஷ் எம் உட்கார்ந்திருந்தது.

புரிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், வண்டியைத் திருப்பாமல் வரி முடிந்தது என்று சொல்கிற கம்ப்யூட்டரைத் தங்கபுஷ்பம் டீச்சர் ஸ்கேலை உடைத்தே அடித்திருப்பாங்க. அரைகுறை வேலை செய்வது ஆப்பிள். பழி எனக்கு.

கோமதி அக்கா உடனே கிட்டுக்குள் ஒரு குட்டிக் கோப்பு போட்டாங்க. அதில் ரெண்டே வரி. இனிமேல் யார் எந்தக் கம்ப்யூட்டரில் எப்படி வரி முடித்தாலும், கிட்டுக்குள் நுழையும்போது ஒரே மாதிரி ஆகிவிடுமாம். "வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுற மாதிரி. நீ எந்தச் செருப்புப் போட்டுக்கிட்டு வந்தாலும் வாசல் கழட்டிரும். இனி நீ பாட்டுக்குத் தட்டு, ஒண்ணும் ஆகாது" என்றாங்க. அவங்க வாயால் சொன்னது, மேடம். ஒன்றும் ஆகாது. ஜெபஸ்டின் அண்ணன் எழுந்து போய் ஃபேனை மூணில் வைத்தார்.

ஆபீஸில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். வீட்டில்தான் இல்லை. அண்ணாச்சி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரில் வரிக்கு வால் முளைத்துவிட்டது என்று விளக்கினார். அந்த அம்மா, "வால் முளைச்சது உங்க கம்ப்யூட்டருக்கா, அந்தச் சின்னவளுக்கா?" என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். எழுதியவளே வரணும். சிவஞானம் ஐயா முன்னாடி, எங்கள் எல்லார் முன்னாடியும் புதிதைப் போட்டுக் காட்டணும். ஏழு வந்தால் அடுத்த முகூர்த்தத்தில் பூ. மறுபடி முட்டை என்றால் ராஜபாளையத்தில் ஒரு பெண் தயாராக இருக்கிறாள், எங்களைக் குற்றம் சொல்லக்கூடாது.

அதுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். செல்வி என்னோடு பேசுவதே இல்லை. சோறு போடுவாள், தட்டு என் பக்கம் வரும், பேச்சு வராது. இன்றைக்கு நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். என் துப்பட்டாவில் பின் சரியாகக் குத்தவில்லை என்று கழற்றிக் குத்திவிட்டாள். "அங்கன போயி வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. அவரு என்ன சாப்பிட்டாலும் பாக்காத" என்றாள். அவ்வளவுதான். நான் அழவில்லை. எனக்கு அழுகை வராது, மூக்குதான் ஒழுகும்.

அதான் நான் ரொம்பக் கவனமாக இருக்கிறேன். பென் டிரைவ் இதோ, கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறேன். கோமதி அக்கா சாப்ட்வேரோடு புதிய கோப்பெல்லாம் போட்டுக் கொடுத்தாங்க. திறந்து பார்க்காமல் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போவேனா? காலையில் ஆபீஸ் போய் என் கம்ப்யூட்டரில் சொருகித் திறந்தேன். என்ன இருந்தது என்று நினைக்கிறீங்க? ரயில்! மறுபடி அதே ரயில்! அஸ்வினி முதல் ரேவதி வரை ஒரே வரி. எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, பார்த்தேன். உட்கார்ந்து அத்தனையும் எண்டர் தட்டிப் பிரித்து, அழகாகச் சேமித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

என்ன மேடம்? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?

அதான் ஒன்றும் ஆகாதுன்னு அவங்களே சொன்னாங்களே. வாசல் கழட்டிவிடும்.

என்ன கேட்டீங்க? இது வாசல் வழியாக வந்ததா என்றா? இல்லையே. கிட்டில் ஏற்றவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பென் டிரைவ்தான். பென் டிரைவிலிருந்து நேராக ஜோசியர் லேப்...

...

கழுகுமலை வந்துவிட்டதா? இங்கிருந்து சங்கரன்கோவில் எவ்வளவு நேரம் மேடம்? இறங்கித் திரும்பிப் போனால்? கிழிந்தது. அவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ராகு காலத்துக்கு முன்னாடி போட்டுக் காட்டணும். ராஜபாளையத்துக்காரி வேறு தயாராக இருக்கிறாள். அவள் எப்படித் தயாராக இருக்கலாம், இன்னும் முடியவே இல்லையே?

நீங்க எதுக்குப் பையைத் திறக்கிறீங்க? ஐயோ, மூடியில் கடித்த ஆப்பிள்! நீங்களும் கோமதி அக்கா கட்சியா? இவ்வளவு நேரம் சொல்லவே இல்லை? பேசாதீங்கன்னு நான்தான் சொன்னேனா... சரி, சரி.

இந்தாங்க. கயிறு சிக்கிக்கொண்டது, இருங்க. நீங்க என்ன செய்தாலும் செய்யுங்க. நான் பார்க்க மாட்டேன். அரைகுறையாக வரி முடிவதை என் கண்ணால் பார்க்க முடியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். செல்விக்காகத்தான், வேறு எதுக்காகவும் இல்லை. இன்னும் விண்டோஸ் சரி என்றுதான் சொல்வேன், அதையும் கேட்டுக்கொள்ளுங்க.

முடிந்துவிட்டதா? அதுக்குள்ளேயா? ஒரே தட்டா? நான் காலையில் டிபன்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன் மேடம்!

ஓட்டியும் பார்த்தீங்களா? காட்டுங்க. செல்வி ரோகிணி, அவர் உத்திரம். ...ஏழா? நன்றாகப் பாருங்க, ஏழா? திருப்பி ஒரு தடவை தட்டுங்க. ஏழு.

இல்லை மேடம், நான்தான் சொன்னேனே, எனக்கு மூக்குதான் ஒழுகும்.

கோமதி அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் போன் போட்டுக்கொண்டே இருப்பாங்க. என்ன போடலாம்? ம்... 'குப்பை எடுத்தேன்.' போட்டாச்சு.

எடுத்தது நீங்கதான், சரி. பென் டிரைவ் யாருது?